மேனேஜர் ஆகிவிட்டீர்கள், உங்களுக்கென்று ஒரு தலைமைப் பாணி வேண்டுமே: மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக மேனேஜர் ஆன ஒருவரிடம் "உங்க ஸ்டைல் என்ன?" என்று கேட்டால், "எல்லார்கிட்டயும் நல்லா பழகுவேன், ஆனா வேலைன்னு வந்தா ஸ்ட்ரிக்ட்" என்பார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரைத் தனியாக அழைத்து அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "காலையில லீவ் கேட்டா கிடைச்சிடும், ஓனர் போன் வந்துட்டா அன்னைக்குப் பக்கத்துலயே போகக் கூடாது" என்று பதில் வரும். உங்கள் தலைமைப் பாணி இந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது. நீங்கள் எப்போது என்ன செய்வீர்கள் என்று உங்கள் ஆட்களால் முன்கூட்டியே சொல்ல முடிகிறதே, அதுதான் உங்கள் பாணி. திரும்பத் திரும்ப வரும் சில சூழ்நிலைகளில் என்ன செய்யப்போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, மோசமான நாளிலும் அதையே செய்யப் பழகினால் பாணி தானாக வந்துவிடும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருபவை.

நான் பார்த்ததில் பெரும்பகுதி குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரிகள் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். ஊட்டியில் ரிசார்ட் நடத்துபவர், கூடலூரில் ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்ப்பவர், கூட்டுறவு வங்கிக் கிளையில் புதிதாக உட்கார்ந்திருப்பவர் என எல்லோருமே இதைத் தங்கள் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

படி 1: இப்போது உங்களிடம் இருக்கும் பாணியைக் கண்டுபிடியுங்கள்

"எனக்கு இன்னும் பாணி இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே உங்களைப் பற்றி ஒரு கணக்கு போட்டு முடித்திருப்பார்கள். அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், ஷிப்ட் முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அன்றைக்கு நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, விஷயம் காதில் விழுந்த முதல் நிமிடத்தில் நான் என்ன செய்தேன், கடைசி முடிவை எடுத்தது யார். ஏன் அப்படிச் செய்தேன் என்று காரணம் எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் எல்லாவற்றுக்கும் நியாயம் கிடைத்துவிடும், பிறகு நோட்டால் ஒரு பயனும் இருக்காது.

இரண்டு வாரம் கழித்து வரிசையாகப் படிக்கும்போது ஒரே மாதிரி சம்பவத்துக்கு இரண்டு விதமாக நடந்துகொண்ட இடங்களைத் தேடுங்கள். இலையை உலர்த்தும் டிரையரில் சூடு இறங்கிவிட்டது என்று அனுபவமுள்ள டீ மேக்கர் (தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவர்) வந்து சொன்னபோது "சரிங்கண்ணா, பாருங்க" என்று சொல்லியிருப்பீர்கள், அதையே புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னபோது "என்னடா பண்ணி வெச்சே?" என்று கேட்டிருப்பீர்கள். திங்கட்கிழமை கால்மணி நேரத் தாமதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, வியாழக்கிழமை ஐந்து நிமிடத் தாமதத்துக்கு எல்லோர் முன்பும் கத்தியிருப்பீர்கள். உங்கள் ஆட்கள் குழம்புவது இந்த இடங்களில்தான். இவற்றை வட்டமிட்டு வையுங்கள், மற்ற படிகளுக்கெல்லாம் தேவைப்படும்.

அப்புறம், "யார் முடிவு எடுத்தது" என்ற பகுதியையும் எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்பது இடத்தில் "நான்" என்று இருந்தால், நீங்கள் லீவ் போடும் நாளில் ஃபேக்டரி எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 2: இதை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்?

அவசரத்தில் நாம் எல்லோரும் செய்வது, நமக்கு மேலே இருந்தவர் செய்ததைத்தான். நீலகிரியில் இதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. எஸ்டேட்டில் பெரிய துரை, சின்ன துரை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், மேஸ்திரி, அதற்கும் முன்னால் கங்காணி என்று ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய அமைப்பு அது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி தொடங்கியது 1893-இல், அதன் தலைமையகம் இன்றைக்கும் குன்னூரில்தான். அந்தத் தோட்டங்களில் வேலை கற்றவர்களிடம் வேலை கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று வந்து கடைசியில் நம்மிடம் வந்து நிற்கிறது. துரை பங்களா போய் பல காலம் ஆனாலும் துரையின் குரல் மட்டும் பல ஃபேக்டரி ஆபீஸ்களில் இன்னும் கேட்கிறது.

அந்த மரபில் எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். விடியற்காலை பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், முதல் ஆளாக வந்து நிற்பது, தினமும் தோட்டத்தை நடந்தே பார்ப்பது, எந்த நம்பர் தோட்டத்தில் கவாத்து எப்போது ஆனது என்று நினைவில் வைத்திருப்பது, இதெல்லாம் அருமையான பழக்கங்கள், எந்தக் காலத்துக்கும் பொருந்தும். தாய் வயதுள்ள ஒரு பெண்ணை "வா, போ" என்று பேசுவது, குறை சொல்ல வந்தவரை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துக் காக்க வைப்பது, கேள்வி கேட்டாலே திமிர் என்று எடுத்துக்கொள்வது, இவை அதே பெட்டியில் சேர்ந்து வந்தவை. 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிகிரி முடித்துவிட்டு உங்கள் ரிசப்ஷனிலும் அக்கவுண்ட்ஸிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி வாங்கிக்கொண்ட பேச்சைப் பேத்தி வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை, வாங்கிக்கொள்ளவும் மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்கு மேலே இருந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் பிடித்தவர், ஒருவர் பிடிக்காதவர். இருவரிடமிருந்தும் வைத்துக்கொள்ளப்போவது ஒன்று, விடப்போவது ஒன்று எழுதுங்கள். "நேர்மை", "அன்பு" என்றெல்லாம் எழுதாதீர்கள், கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். "சம்பளக் கவரை இரண்டு கையாலும் கொடுப்பார்" என்பது மாதிரி. பிடிக்காதவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று கண்டிப்பாகக் கிடைக்கும், சிரமப்பட்டுத் தேடினாலும் பரவாயில்லை.

படி 3: தியரி எவ்வளவு தெரிந்தால் போதும்

கொஞ்சம் தெரிந்தால் போதும், ஆனால் அந்தக் கொஞ்சம் தேவை. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடன் லிப்பிட், வைட் இருவரும் அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களின் குழுக்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வை 1939-இல் வெளியிட்டார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே உத்தரவிட்டார், இன்னொரு வகை கலந்து பேசி முடிவு செய்தது, மூன்றாவது வகை கண்டுகொள்ளாமல் விட்டது. உத்தரவு போடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் பையன்கள் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். கலந்து பேசும் தலைவர் போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

1969-இல் மேலாண்மை ஆய்வாளர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் சொன்னது வேறு: ஆளைப் பார்த்து, அவர் அந்த வேலைக்கு எவ்வளவு தயாராக இருக்கிறார் என்று பார்த்து உங்கள் நடையை மாற்றுங்கள் என்றார்கள். இதற்குப் பிற்கால ஆய்வுகளில் முழு ஆதரவு கிடைக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: இந்த ஆளுக்கு, இந்த வேலையில், என்னிடமிருந்து என்ன தேவை?

"இந்த வேலையில்" என்ற பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அனுபவசாலி, புது ஆள் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு எல்லோரையும் அதில் போடுகிறார்கள். இருபது வருடம் ஆன டீ மேக்கர், வாட்டும் தொட்டியில் கிடக்கும் இலையை ஒரு பிடி அள்ளி அழுத்தித் திறந்தே பதம் சொல்லிவிடுவார், அங்கே நீங்கள் வாயைத் திறக்கத் தேவையில்லை. அதே மனிதரிடம் கம்ப்யூட்டரில் தினசரி ஸ்டாக் ஏற்றச் சொன்னால் கை நடுங்கும், வெளியே காட்டமாட்டார். அங்கே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள் வேண்டும், அதுவும் சின்னப் பையன்கள் பார்க்காத நேரத்தில். ஐடிஐ முடித்து வந்த பையன் மோட்டாரைக் கழற்றி மாட்டிவிடுவான், நறுக்கிய இலை நிறம் மாறும் நொதிப்பு எப்போது போதும் என்பது அவனுக்குத் தெரியாது. ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் தம்பிக்கு வேலை தெரியும், உங்கள் தமிழ் தெரியாது. அவரிடம் சத்தமாகத் திரும்பச் சொல்வதால் ஒன்றும் ஆகாது, ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

ஆகவே ஒரு தாளில் இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே முக்கியமான ஐந்தாறு வேலைகள் என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "சொல்லித்தர வேண்டும்", "கேட்டுச் செய்யலாம்", "விட்டுவிடலாம்" என்று மூன்றில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாளைத் திருத்துங்கள். ஒருவர் வருடக்கணக்கில் "சொல்லித்தர வேண்டும்" என்பதிலேயே நின்றால், அவரைக் குறை சொல்லும் முன் யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று பாருங்கள்.

படி 4: எந்த நிலையிலும் வளையாதவை

ஆளுக்கு ஆள் நடை மாறலாம் என்றேன். அது பாரபட்சமாகத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் மாறாதவை சில இருக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு போதும். பத்து விதி வைத்தால் உங்களுக்கே நினைவிருக்காது. எல்லோரும் வாயால் திருப்பிச் சொல்லக்கூடிய வாக்கியங்களாக வையுங்கள்.

முதலாவது பாதுகாப்பு. "மெஷின் ஓடும்போது கை உள்ளே போகாது. யார் சொன்னாலும் போகாது." இலையை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலரில் இலை அடைத்துக்கொண்டால் நிறுத்தி, ஸ்விட்சை அணைத்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும். இலை குவிந்து கிடக்கும் நாளில் உற்பத்தி பத்து நிமிடம் தடைபடுவதை நீங்களே பொறுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால்தான் இந்த விதியை நம்புவார்கள்.

இரண்டாவது எடை. சிறு விவசாயி கொண்டுவரும் பச்சைத் தேயிலையில் ஈரத்துக்காக எவ்வளவு கழிப்பது என்பது நீலகிரியில் தீராத சண்டை. அதிலும் இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தில் சேர்ந்த ஃபேக்டரியில் இலை கொடுப்பவரே உறுப்பினர் வேறு. எந்த நாளில் எவ்வளவு கழிவு என்று காலையிலேயே போர்டில் எழுதிப் போடுங்கள், பெரியவர், சொந்தக்காரர், லாரியில் கொண்டுவருபவர், தலையில் சுமந்து வருபவர் என எல்லோருக்கும் ஒன்றுதான். தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆள், மேனேஜர் எந்தப் பக்கம் என்று முதலில் கற்றுக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது பெண்களின் மரியாதை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு பெயருக்கு இருந்தால் போதாது, அதில் யார் யார் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்களே சமாதானம் பேசி முடித்துவைக்கக் கூடாது. "சரி விடும்மா, அவன் அப்படித்தான்" என்று ஒருமுறை சொன்ன மேனேஜரிடம் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் எதையும் சொல்ல வரமாட்டார்.

வளையக்கூடியவை எவை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நேரம் தவறாமை நல்லதுதான், ஆனால் காலையில் டீத்தோட்டத்துப் பாதையில் காட்டெருமைக் கூட்டம் நின்றால் வருபவர் காத்துத்தான் ஆக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரடி. மழைக்காலத்தில் மண் சரிந்து முதல் பஸ்ஸே வராது. இதற்கெல்லாம் சம்பளம் பிடித்தால் அடுத்த முறை யாராவது காட்டெருமையை உரசியபடி ஓடிவரப் பார்ப்பார்கள். "பாதையில மிருகம் இருந்தா போன் பண்ணுங்க, நில்லுங்க, நேரம் கழிச்சு வாங்க, கட்டிங் கிடையாது" என்று பெரட்டிலேயே சொல்லுங்கள். போன் பண்ணாமல் தாமதமாக வந்தால் மட்டும் கேளுங்கள்.

படி 5: சின்ன ஊரில் மேனேஜராக இருப்பது

பெங்களூரில் மேனேஜராக இருப்பவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டால் டீமை மறந்துவிடலாம். இங்கே முடியாது. உங்கள் ஷிப்டில் இருப்பவர் உங்கள் ஹட்டிக்காரராக (படுகர் ஊர்க்காரராக) இருப்பார், இல்லையென்றால் மாமன் மகன். ஹெத்தை ஹப்பா திருவிழாவில் பக்கத்தில் நிற்பீர்கள், சாவு வீட்டில் ஒன்றாக உட்காருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நேருக்கு நேர் பார்ப்பீர்கள். தலைமை பற்றி வெளியே சொல்லப்படும் பல யோசனைகள் இங்கே உதவாமல் போவது இதனால்தான்.

சிலர் இதற்குப் பயந்து ஊரோடு பழகுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, ஊரை விட்டு விலகினவன் என்ற பெயர்தான் மிஞ்சும். இன்னும் சிலர் எல்லாவற்றையும் கலந்துவிடுகிறார்கள், பந்தியில் உட்கார்ந்தபடியே லீவ் சாங்ஷன் ஆகிவிடும். எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: உறவை எங்கேயும் மறைக்க வேண்டாம், வேலை முடிவை மட்டும் வேலை இடத்தில் எடுங்கள். விசேஷ வீட்டில் யாராவது ஷிப்ட் மாற்றம் கேட்டால், "சித்தப்பா, நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். இதை எல்லோரிடமும் ஒன்றுபோலச் சொன்னால் இரண்டு மூன்று மாதத்தில் அங்கே கேட்பதை நிறுத்திவிடுவார்கள், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அழைக்கும் விதமும் இதில் சேர்ந்ததுதான். இருபத்தைந்து வயதில் சூப்பர்வைசர் ஆனவர், ஐம்பது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அதிகாரம் நிற்கும் என்று நினைக்கிறார். அக்கா என்றோ அம்மா என்றோ அழைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஆபீஸ் பெண்ணை மேடம் என்றும் தூள் சலிக்கும் அறைப் பெண்ணை "ஏம்மா" என்றும் கூப்பிட்டால் அந்த வித்தியாசம் எல்லோர் காதிலும் விழும்.

படி 6: அவசரத்துக்கு ஒரு குரல், மற்ற நேரத்துக்கு வேறு குரல்

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நல்ல மேனேஜர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் இலை குவியும். சாயங்காலம் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. வாட்டும் தொட்டிகளின் ஃபேன் நின்றுவிட்டது. கட்டிய மூட்டையில் கிடக்கும் இலைக்குள் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் போனால் சூடேறி இலை சிவந்துவிடும், அப்புறம் அதில் நல்ல தூள் எடுக்க முடியாது. ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போகிறது, வாராவாரம் குன்னூர் ஏலத்தில் கிடைக்கும் விலையோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த நேரத்தில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "மூட்டையெல்லாம் அவுத்து உதறுங்க. தொட்டியில மெலிசா பரப்புங்க. நீங்க ரெண்டு பேரும் ஜெனரேட்டர். அண்ணா, நீங்க வாசல்ல நின்னு அடுத்த வண்டியை நிறுத்துங்க." குட்டையான வாக்கியம், ஒவ்வொன்றிலும் யார் செய்வது என்பது இருக்க வேண்டும். இதில் கோபம் தேவையில்லை, சத்தம் இருந்தால் அது ஃபேக்டரி இரைச்சலுக்காக மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து மறுநாள் காலை டீ குடிக்கும் நேரத்தில் அதே ஆட்களை உட்காரவைத்து, "நேத்து ராத்திரி எங்க தடுமாறினோம், அடுத்த தடவை என்ன மாத்தணும்?" என்று கேளுங்கள். முதலில் ஒருவரும் பேசமாட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், நீங்களே பதில் சொல்லி அமைதியை நிரப்பாதீர்கள். ஜெனரேட்டர் பேட்டரி போன மாதமே வீக் என்று யாரோ ஒருவர் மெதுவாகச் சொல்வார். "அப்பவே ஏன் சொல்லலை?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். "இன்னும் எது எது வீக்கா இருக்கு?" என்று கேளுங்கள், பட்டியலே வரும்.

அவசரக் குரலில் வேலை சீக்கிரம் நடக்கிறது, அதனால் அது பழகிவிடுகிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் கரண்ட் போன ராத்திரி மாதிரியே ஓட ஆரம்பிக்கும். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அவசரத்தை வாயால் அறிவியுங்கள்: "இது அவசரம், இப்ப நான் சொல்றதைச் செய்யுங்க, நாளைக்குப் பேசலாம்." முடிந்ததும் "அவ்வளவுதான், முடிஞ்சது" என்று அதையும் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் எத்தனை முறை அவசரம் என்று சொன்னோம் என்பதை நோட்டில் குறித்து வந்தால், அதில் பாதி திட்டம் போடாததால் வந்தது என்று தெரியும்.

படி 7: கண்டிப்பது

பொது இடத்தில் பாராட்டு, தனியாகக் கண்டிப்பு என்பதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தனியாக அழைத்த பிறகு என்ன பேசுவது என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை. ஒரு உதாரணம் எழுதுகிறேன். உங்களை விட வயதில் மூத்த டீ மேக்கர், நொதிப்பு முடியும் முன்னாலேயே டிரையருக்கு அனுப்பிவிட்டார், தூள் பச்சை வாடை அடிக்கிறது.

"அண்ணா, உட்காருங்க. காலையில வந்த ரெண்டாவது லாட் குடிச்சுப் பார்த்தேன், பச்சையா இருக்கு. என்ன ஆச்சு?"

"இலை நெறைய இருந்துச்சு சார், இடம் வேணும்னு அனுப்பிட்டேன்."

"சரி. இடம் பத்தலைன்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம், வர்ற இலையை நான் நிறுத்தியிருப்பேன். இந்த லாட்டைத் தனியா வெச்சிருங்க, நல்லதோட கலக்க வேண்டாம். அடுத்த தடவை இடம் பத்தலைன்னா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன். சரிங்களா அண்ணா?"

இவ்வளவுதான். நடந்தது என்ன என்று முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது, காரணம் கேட்டாயிற்று, அடுத்த முறை என்ன செய்வது என்று முடிந்தது. "உங்க வயசுக்கு இது கூடத் தெரியாதா", "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்று எதுவும் இல்லை. ஒரு செயலைப் பற்றிப் பேசினால் மனிதர் திருத்திக்கொள்வார், மனிதரையே பற்றிப் பேசினால் பதிலுக்கு உங்களைப் பற்றி டீக்கடையில் பேசுவார். இதே தவறு மூன்றாவது முறை நடந்தால் பேச்சு மாற வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாராட்டு பற்றி ஒரே வரி: "சூப்பர்" என்று சொல்லாமல் எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

படி 8: கெட்ட செய்தி உங்களிடம் வரும் வேகம்

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் புரியாத விஷயம் இது. அங்கே தவறு நடந்தால் தைரியமாகச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த விளக்கம்.

உங்கள் இடத்தில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கடைசியாக நடந்த மூன்று பிரச்சினைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் நடந்து எவ்வளவு நேரம் கழித்து உங்கள் காதுக்கு வந்தது, யார் சொன்னார்கள்? சம்பந்தப்பட்டவரே அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் நல்லது. மூன்றாவது ஆள் சொல்லி ஒரு வாரம் கழித்துத் தெரிந்திருந்தால், படி 1-இல் எழுதிய "முதல் நிமிடம்" பகுதியைத் திரும்பப் படியுங்கள். கெட்ட செய்தி கொண்டுவருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது "உடனே சொன்னீங்களே, நல்லது" என்பது. மனசுக்குள் கொதித்தாலும் அதைச் சொல்லுங்கள். யார் காரணம் என்ற விசாரணை ஒரு மணி நேரம் கழித்தும் நடக்கலாம்.

படி 9: உங்களைப் பற்றி உங்களிடம் யார் சொல்வார்கள்

நேரடியாக "நான் எப்படி?" என்று கேட்டால், "உங்களுக்கென்ன சார், தங்கமான மனுஷன்" என்ற பதில்தான் கிடைக்கும். சம்பளம் கொடுப்பவரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாரையும் வளர்க்கவில்லை. அதனால் கேள்வியை வேலை மேல் திருப்புங்கள். "உங்க வேலையில எனக்காகக் காத்துட்டு இருக்கறது எது?" என்று கேட்டால் பதில் வரும். "நான் செய்யற எதை நிறுத்தினா உங்களுக்கு வேலை சுலபமாகும்?" என்பது இன்னொன்று. வந்த பதிலில் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றிக் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மறுபடி தங்கமான மனுஷன் ஆகிவிடுவீர்கள்.

வேலையை விட்டுப் போகிறவர் ஒரு பொக்கிஷம். திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ கிளம்புகிறவரைக் கணக்கு முடித்து அனுப்பும் முன் ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள், இனி பயப்பட அவருக்கு ஒன்றுமில்லை. சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், இடையில் மறுத்துப் பேசாதீர்கள்.

படி 10: மேலே இருப்பவர்

உங்கள் பாணியை உண்மையில் சோதிப்பவர் ஓனர். ஏலத்தில் விலை விழுந்த வாரத்தில் அவர் போனில் பேசிய தொனியை அப்படியே கீழே இறக்குவது சுலபம். இறக்காதீர்கள். விலை விவரத்தை இறக்குங்கள், தொனியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வாரம் விலை குறைஞ்சிருக்கு, தூள்ல தரம் ஏத்த என்ன பண்ணலாம்?" என்று ஆட்களிடம் கேட்பது நேர்மையானது, அவர்களால் அதற்கு ஏதாவது செய்யவும் முடியும்.

ஓனரே உங்களைத் தாண்டி ஷாப் ஃப்ளோரில் நேரடியாக உத்தரவு போட்டால், அங்கே வைத்து எதிர்க்காதீர்கள். அன்றைக்கே தனியாகப் போய், "நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா ஆளுங்க குழம்பறாங்க, என்கிட்ட சொல்லுங்க, நான் நடத்தி வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஓனர்கள் கேட்டுக்கொள்வார்கள். மெஷின் பாதுகாப்பு மாதிரியான வளையாத விஷயத்தில் மட்டும் அங்கேயே, மரியாதையாக, முடியாது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். படி 4-இல் "யார் சொன்னாலும்" என்று எழுதியது இதற்காகத்தான்.

எந்த வரிசையில் தொடங்குவது

பத்தையும் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டால் ஒன்றும் நிற்காது. முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும். மூன்றாவது வாரம் வளையாத விதிகளை எழுதி பெரட்டில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வட்டமிட்ட சம்பவங்களில் அடிக்கடி வருவது எதுவோ அதை மட்டும் ஒரு மாதம் கவனியுங்கள், லீவ் கேட்பதானாலும் சரி, தாமதமானாலும் சரி, கெட்ட செய்தியானாலும் சரி. அது ஒழுங்கானதும் அடுத்தது. இலை குறைந்து உறைபனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் ஃபேக்டரிகளில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆட்கள்–வேலைகள் கட்டத்தைப் போட அதுதான் சரியான சமயம். ரிசார்ட்காரர்கள் ஊட்டி சீசனான ஏப்ரல், மே மாதங்களில் எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள், ஜூன் மழையில் ரூம்கள் காலியாகும்போது உட்காருங்கள்.

வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிப் போனால் வளையாத விதிகளை மட்டும் கொண்டுபோங்கள். ஆட்கள் கட்டத்தை அங்கே இருப்பவர்களைப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு முன்னால் பழைய மேனேஜர் எப்படி நடந்துகொள்வார் என்று அங்கிருக்கும் நாலு பேரிடம் விசாரியுங்கள். முதல் சில மாதம் அவர்கள் உங்களிடம் எதிர்பார்க்கப்போவது அவரைத்தான்.